கணக்கு டீச்சர் கேட்ட மன்னிப்பு

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் யாரும் நிலைத்ததில்லை. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர். காலையில் ஒரு டவுன் பஸ், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மற்ற நேரமெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன்கள்தான் ஓடும். வெளிமாவட்டத்திலிருந்து முதல் வேலைக்கு ஆணை வாங்கி வருகிறவர்கள், சேர்ந்த அன்றே பஸ் நேரத்தை விசாரிப்பார்கள். மறுநாள், மாறுதல் கலந்தாய்வுக்கு எத்தனை வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம் என்று விசாரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் விருதுநகர்க்காரி. தினமும் வீட்டிலிருந்து போய்வர முடிந்ததால்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன். சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து, அதே பள்ளியில் தலைமையாசிரியையும் ஆனேன்.

தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் கணக்குக்கு மட்டும் ஐந்து பேர் வந்து போனார்கள். ஒருவர் வங்கித் தேர்வு எழுதிப் போனார். ஒருவருக்குச் சொந்த ஊர்ப்பக்கம் இடம் கிடைத்தது. தற்காலிகமாக எடுத்த ஒருவர், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் போனவர்தான். அதிலெல்லாம் எனக்குப் பங்கில்லை. ஒருத்தி போனதற்கு மட்டும் நான்தான் காரணம். அதை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அவளுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். இருபத்தைந்து வயது இருக்கும். வேலையில் சேர அவள் அப்பாவும் கூட வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மகளின் சூட்கேஸைக் காலோரம் வைத்துக்கொண்டு அலுவலக அறை வாசலிலேயே நின்றார்.

"வீட்ட விட்டு வெளிய தங்குனதே இல்லீங்க மேடம். நீங்கதான் பாத்துக்கணும்."

"கவலப்படாதீக. எம் பொண்ணு மாதிரி பாத்துக்கிடுதேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சிவகாசியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். டவுன் பஸ்ஸை நம்பினால் பிரேயருக்கு வந்துசேர முடியாது என்று இரண்டாவது வாரமே தெரிந்துகொண்டாள். எங்கள் ஊரைத் தாண்டி இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு சிவகாசியிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று உண்டு. அதன் டிரைவரிடம் பேசி அதில் வர ஆரம்பித்தாள். ஏழரை மணிக்கே பள்ளிக்கூட வாசலில் இறங்கிவிடுவாள். திரும்பும்போதும் அதே வேன். வேனில் வரும் பெண்களோடு பேசிப் பேசி, எங்கள் ஊரில் யார் வீட்டில் யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பது ஆறு மாதத்தில் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. எனக்குப் பத்து வருடத்தில் தெரிந்ததைவிட அது அதிகம்.

அவள் பேச்சு பிள்ளைகளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "நோட்ட எட்துனு வாங்க" என்பாள். பின் பெஞ்சில் ஒருத்தன், "எட்துனு வாங்கலே, எட்துனு வாங்கலே" என்று கிண்டல் செய்வான். அவளுக்குக் கோபம் வராது. "சரி, நீங்க எப்படிச் சொல்லுவீங்க, சொல்லிக் குடுங்க" என்பாள். தீபாவளிக்குள் "அங்கன வை, இங்கன வா" என்று அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

பாடம் நடத்துவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தல் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும், புத்தகத்தை முடித்தாக வேண்டும் என்று அதன் மேலேயே கட்டிக்கொண்டு போவோம். அவள் முதல் மாதம் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கவில்லை. சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கேட்டு, நிறம் பிசகி ஒதுக்கிய காலண்டர் தாள்களைக் கட்டாக வாங்கி வருவாள். ஒரு பக்கம் சாமி படமோ பூப்படமோ இருக்கும். மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தில் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். தாள் பெரிதாக இருப்பதால் தப்பாகப் போட்டாலும் அழிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் மறுபடி போடலாம் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். அந்த வருடம் காலாண்டுத் தேர்வில் கணக்கில் வெள்ளைத்தாள் கொடுத்த பிள்ளை ஒருவர்கூட இல்லை.

நல்ல மாடு கிடைத்தால் அதன் மேலேயே பாரம் ஏற்றுவோம். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பள்ளிக்கு எழுத்தர் இல்லை. வருகைப் பதிவு, உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை அளவு என்று தினமும் ஏதாவது ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மேலே இருந்து செய்தி வரும். எனக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் அது கைவராது. கைவரவில்லை என்று சொல்லிக்கொண்டோம். "நீதாம்மா சீக்கிரம் முடிப்ப" என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் அவள் தலையில் வைத்தேன். நாலேகால் மணிக்கு மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, வேன் வரும்வரை அவள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருப்பாள். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொறுப்பான பெண் என்று வீட்டில் சொல்வேன்.

இரண்டாவது வருடம் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வருவது குறைந்தது. கணக்கில் கெட்டிக்காரி. காலண்டர் தாளில் மற்றவர்கள் ஒன்று போடுவதற்குள் மூன்று போட்டுவிடுவாள். வாரத்தில் இரண்டு நாள் வந்தாள், பிறகு ஒரு நாள், பிறகு அதுவும் இல்லை. கடைசியாக வந்த அன்று அவள் விரல் இடுக்கெல்லாம் ஈயம் பூசியது போலச் சாம்பல் நிறமாக இருந்ததைக் கணக்கு டீச்சர் கவனித்திருக்கிறாள். பட்டாசு மருந்து படிந்த கை அது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் அந்த வீட்டுக்குப் போனாள். பிள்ளையின் அம்மா நான் எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்த பெண். அத்தோடு படிப்பை நிறுத்தியவள். அவள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "காய்ச்ச டீச்சர், சரியானதும் அனுப்புதேன்" என்று சொல்லியிருக்கிறாள். நாலு நாள் கழித்து டீச்சர் மறுபடி போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று கருவேலங்காட்டுப் பக்கம் கையைக் காட்டியது. உள்ளே நடந்து போய்ப் பார்த்தால், முள்ளுக்கு நடுவே ஒரு தகரச் செட். லைசென்ஸ் இல்லாத இடம். ஊர்க்காரர் ஒருவர் ஆர்டர் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். அம்மா பக்கத்தில் அந்தப் பிள்ளையும் இருந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள், எங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான், உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் என் அறைக்கு வந்து இதைச் சொன்னாள்.

"ஒரு வாளித் தண்ணிகூட இல்ல மேடம் அங்க. வெளிய ஓடுறதுக்கு ஒரே ஒரு வழி. அதுலயும் சாக்கு மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க."

அப்படி ஒரு செட் இருக்கிறது என்று எனக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரத்திலேயே, நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பட்டியலைக் காரணத்தோடு அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. வருடா வருடம் வருவதுதான். காரணம் என்ற இடத்தில் "உடல்நலக் குறைவு" என்றோ "உறவினர் வீட்டுக்குச் சென்றுள்ளார்" என்றோ எழுதுவோம். அப்படி எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இந்த மூணு பேருக்கும் என்ன காரணம் போடட்டும் மேடம்?"

"நீ என்ன நெனைக்க?"

"நான் பாத்துட்டு வந்துட்டேனே மேடம். பாத்துட்டு எப்படி காய்ச்சல்னு எழுதறது?"

கருவேலங்காட்டில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. "உள்ளதையே எழுதும்மா" என்றேன். சட்டவிரோதமான கூடத்தில் பட்டாசு வேலை என்று எழுதினாள். இடத்தையும் குறித்தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் ஜீப் வந்தது. அதிகாரிகள் செட்டுக்குச் சீல் வைத்தார்கள். நடத்தியவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. பின்னிய சரங்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தீபாவளிக்கு அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன நேரம், முப்பது பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். நான் அறையை விட்டு வெளியே வந்தேன். சத்தம் கேட்டுக் கணக்கு டீச்சரும் சாக்பீஸோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்து வராண்டாவில் நின்றாள். அவளைப் பார்த்ததும் கூட்டம் என்னை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

முதலில் பேசியது அந்தப் பிள்ளையின் அம்மாதான்.

"எங்க வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! நல்லா இருப்பீகளா?"

"டீச்சரு காட்டுக்குள்ள வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாக. பத்தாம் நாளு ஜீப்பு வருது. வேற யாரு காட்டிக் குடுத்திருப்பா?" என்றாள் இன்னொருத்தி.

பின்னால் நின்ற ஓர் ஆள் என்னைப் பார்த்துச் சொன்னார். "பெரிய டீச்சர், இந்தம்மா இங்கன இருந்தா எங்க பிள்ளைக ஒண்ணுகூட இங்கன படிக்காது. அம்புட்டுப் பேருக்கும் டிசியக் குடுங்க. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்து வேனு வாசலுக்கே வருது."

ஏற்கெனவே பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. இன்னும் குறைந்தால் ஆசிரியர் இடங்களை எடுத்துவிடுவார்கள். அப்படியே போனால் பள்ளியையே வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இதெல்லாம்தான் என் தலைக்குள் ஓடியது என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வெறும் பயம். இந்த முப்பது முகங்களும் என் பக்கம் திரும்பிவிடக்கூடாது என்ற பயம்.

நான் இரண்டு படி இறங்கிப் போய்க் கையை உயர்த்தினேன்.

"இங்கன பாருங்க, சத்தம் போடாதீக. பிள்ளைக படிக்குதுல்ல. அவுக சின்னப் பொண்ணு. வெளியூரு. நம்ம ஊரு நெலவரம் தெரியாது. தெரியாமச் செஞ்சிட்டாக."

கூட்டம் அடங்கவில்லை. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுரும்மா. முடிஞ்சிரும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் என் மேசை மேல் இருந்த ஃபைலில் இருக்கிறது. அதை ஃபைலில் வைத்தவளே அவள்தான். ஒரு வார்த்தை, "மேடம் சொல்லித்தான் எழுதினேன்" என்று அவள் சொல்லியிருந்தால் போதும். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சாக்பீஸைச் சுவர்த்திட்டில் வைத்தாள். கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சிடுங்க. தெரியாம பண்ணிட்டேன்."

"பண்ணிட்டேனாம்லா" என்று யாரோ அவள் பேச்சைப் போலவே இழுத்துச் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்புச் சன்னலில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக இருந்தன. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனது. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க ஒரு பீரியடைக்கூட அவள் விடவில்லை.

சாயங்காலம் நாலேகாலுக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். என் கையில் ஒரு காகிதமும் இருந்தது.

"பிள்ளைகளோட ஷூ அளவு நாளைக்குள்ள ஏத்தணுமாம்மா" என்றேன்.

"சரிங்க மேடம்."

காகிதத்தை வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதனால் நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். வேனில் வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வேனில் இருந்த பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். விருதுநகர் போகும் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்து வருவாள். கட்டுக் கட்டாகத் தாள் தூக்கி வருவது நின்றது. பாடம் ஒழுங்காக நடந்தது. செட்டை மூடியதால் அந்த மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் டீச்சரை நிமிர்ந்து பார்க்காது.

கோடை விடுமுறையில் மாறுதல் கலந்தாய்வுக்கு அறிவிப்பு வந்தது. அவள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"இன்னும் ஒரு வருசம் இரேம்மா. அந்தப் பிள்ளைக பத்தாவது போகுது. நீயே கொண்டுபோய்ச் சேத்துட்டன்னா..."

"வீட்ல கூப்பிடுறாங்க மேடம். கல்யாணத்துக்குப் பாக்குறாங்க."

எல்லா இளம் ஆசிரியைகளும் சொல்வது இது. நானும் அதை நம்புவதுதான் எனக்கு வசதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு ஊர்ப்பக்கமே இடம் கிடைத்தது. பள்ளி திறந்த வாரத்தில் விடுவிப்பு ஆணை வாங்க வந்தாள். அவள் அப்பா இந்த முறை வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டினோம். நான் ஒரு சேலை கொடுத்தேன். காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த இடம் வருடம் முழுக்க நிரம்பவில்லை. தற்காலிகமாக எடுக்க ஆள் தேடினோம். சிவகாசியிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் வரத் தயாராக இல்லை. கடைசியில் பத்தாம் வகுப்புக்கு நானே கணக்கு எடுத்தேன். நான் படித்தது வரலாறு. முதல் நாள் இரவு நோட்ஸைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போடுவேன். ஒரு நாள் காரணிப்படுத்தும் கணக்கில் பாதி வழியில் நின்றுவிட்டேன். முன் பெஞ்சிலிருந்து அந்தப் பிள்ளை மெதுவாக, "அங்கன மைனஸ் வரும் டீச்சர்" என்றது. திருத்தினேன். அடுத்த வரியில் மறுபடி தப்பு வந்தது. அதன் பிறகு அது எதுவும் சொல்லவில்லை. எழுதிப் போட்டதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். மார்க் அட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அப்போது அவள் வேறொரு கம்பெனியில், முறையாக லைசென்ஸ் உள்ள இடத்தில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள்.

"கணக்குல போயிருவா போலிருக்கே டீச்சர். போன வருசமெல்லாம் கணக்குலதான கூட எடுப்பா? அந்தத் திருவண்ணாமல டீச்சரு திரும்பி வருவாகளா?"

"வர மாட்டாக. ஊருக்கே போயிட்டாக."

"நாங்க ஏசுனதுலயா போனாக?"

அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லி அவள் மேலேயே அந்தப் பழியையும் போட்டுவிட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"அவுக காட்டிக் குடுக்கல. காகிதத்துல எழுதச் சொன்னது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான்" என்றேன்.

அவள் அதிர்ச்சி அடைவாள், எழுந்து கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் மார்க் அட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அது தெரியும் டீச்சர்" என்றாள். "நீக கையெழுத்துப் போடாம பள்ளிக்கூடத்துக் காகிதம் எப்படிப் போகும்? அன்னைக்கே பேசிக்கிட்டோம்."

"பெறவு ஏன் அவுகள ஏசுனீக?"

"உங்கள எப்படி ஏச? நீக நம்மூருக்காரவுக மாதிரி. எனக்குப் பாடம் எடுத்தவுக. நாளைக்கும் உங்க மூஞ்சியில முழிக்கணும். அவுக வெளியூரு. எப்படியும் போயிருவாக." மார்க் அட்டையை மறுபடி சுருட்டினாள். "எங்களுக்கும் அன்னைக்கு யாரையாவது ஏசணும் போல இருந்துச்சு."

அவள் போன பிறகு நான் நெடுநேரம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊர் அறிந்தே கணக்கு டீச்சரைப் பழிக்கு எடுத்துக்கொண்டது. நான் அறிந்தே அவளைக் கொடுத்தேன். அவள் ஒருத்தி மட்டும்தான் அன்று எங்கள் எல்லோருக்காகவும் கையைக் கூப்பி நின்றிருக்கிறாள்.

அன்று மதிய இடைவேளையில் அவளுக்குப் போன் செய்தேன். அவள் போன பிறகு அதுதான் முதல் தடவை. ரெண்டு ரிங்கில் எடுத்துவிட்டாள். சாப்பிட்டாச்சா, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கல்யாணம் இன்னும் அமையவில்லை என்றாள். பிறகு நான் மனதில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அன்றைக்கு நான் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும் என்றேன். உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தது தப்பு என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவள் எங்கோ ஒதுங்கிப் போவது தெரிந்தது.

"மன்னிப்புக் கேட்டதுகூடப் பரவால்லீங்க மேடம்" என்றாள். "பசங்க டிசி வாங்கினு போயிட்டா என்ன பண்றதுன்னு எனக்கும்தான் பயமா இருந்துச்சு. அது புரியாமல்லாம் இல்ல. ஆனா அன்னிக்கு சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தீங்க பாருங்க. எதனா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஷூ சைஸ் கேட்டீங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னிக்கு நைட்டு ஹாஸ்டல்ல உக்காந்து ஷூ சைஸ் ஏத்திட்டு இருக்கும்போதுதான் முடிவு பண்ணேன் மேடம், கெளம்பிடணும்னு."

"தப்புதாம்மா" என்றேன்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன் என்பது அவள் சொல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. "அவ எப்படிப் படிக்கிறா?" என்று அந்தப் பிள்ளையை விசாரித்தாள். கணக்கில் தடுமாறுகிறாள் என்றேன். "ஓ" என்றாள். பிறகு, "பெல் அடிச்சிட்டாங்க மேடம், வைக்கட்டுங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை பொதுத்தேர்வில் கணக்கில் தோற்றது. துணைத்தேர்வில் தேறியது. அதற்குள் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் டைரி பைண்டிங் பிரிவில் சேர்ந்துவிட்டிருந்தது. மேலே படி என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பார்ப்போம் என்றார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. தாள் எண்ணுவதில் அவ்வளவு வேகம் என்று அவள் அம்மா ஒருமுறை பஸ்ஸில் பார்த்தபோது சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அடுத்த வருடம் தேனியிலிருந்து ஓர் இளைஞர் கணக்குக்கு வந்தார். அவர் சேர்ந்த அன்றே மற்ற ஆசிரியர்களைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் வேலைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்தேன். முணுமுணுத்தார்கள். வருகைப் பதிவை நான் எடுத்துக்கொண்டேன். என் மகன் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அப்படியொன்றும் கைவராத வேலை இல்லை அது. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அவர் இருக்கும் இடத்துக்குப் போய், கையில் காகிதம் இல்லாமல், இன்று வகுப்பு எப்படிப் போனது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஆரம்பத்தில் அவர் சந்தேகமாகப் பார்த்தார். போகப் போகப் பேச ஆரம்பித்தார். சில நாள் அவர் பேச்சு நின்றால் போதும் என்றுகூட இருக்கும். பஸ் போய்விடும்.

ஒரு தடவை, படிக்காமல் வந்த பையன்களைச் சாயங்காலம் நிறுத்தி வைத்துக் கணக்குப் போட வைக்கிறார், வேலைக்கு உதவிக்கு வர முடியவில்லை என்று ஓர் அப்பா வந்து சத்தம் போட்டார். நான் அறையிலிருந்து வேகமாக எழுந்து போய் அந்த இளைஞருக்கு முன்னால் நின்றேன்.

"நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான். எங்கிட்டப் பேசுங்க" என்றேன். அந்த அப்பா என்னையும் நாலு வார்த்தை பேசினார். கேட்டுக்கொண்டேன். பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் அத்தனை வருடம் பயந்தது இதற்குத்தான்.

"நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே மேடம்?" என்றார் அந்த இளைஞர்.

"இப்பச் சொன்னேன்ல" என்றேன்.

அவரும் நிலைக்கவில்லை. மூன்றாவது வருடம் அவர் மனைவிக்கு மதுரையில் வேலை கிடைத்தது. போகும்போது பத்தாம் வகுப்புப் பையன்கள் அவர் பெட்டியை மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் அவர்களோடு போனில் பேசுகிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகிறார். நான் எப்படி நடந்துகொண்டிருந்தாலும் அவர் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவள் இருந்திருப்பாளா என்பது தெரியாது. இருந்திருக்கலாம்.